இருவாட்சி வீட்டில் மூன்று பேர்

மதிப்பிற்குரிய வாசகர்கள் முதலில் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கதை எழுதுவதற்கு உரிய பயிற்சியோ துணிச்சலோ எனக்கு இல்லை. கிள்ளானில் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளியில் பத்தொன்பது ஆண்டுகளாக அறிவியல் கற்பித்து வருகிறேன். பள்ளி அறிக்கைகளையும் பெற்றோருக்கான கடிதங்களையும் தவிர நான் எழுதியது ஒரே ஒரு சிறுவர் நூல்தான். கீழே சொல்லப்போகும் நிகழ்ச்சி அந்த நூலிலிருந்து தொடங்கியது. ஆகவே இதை எழுத வேண்டிய கடமை வேறு எவருக்கும் இல்லை என்று எண்ணியே எழுதுகிறேன். இதில் வரும் தாயிடம் அனுமதி கேட்டேன். “எழுதுங்க டீச்சர். ஆனா உள்ளத உள்ளபடி எழுதுங்க” என்றார்.

என் பெயர் ஃபஹீமா. பிரிக்பீல்ட்ஸில் என் தகப்பனாரின் ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் வசிக்கிறேன். நாள்தோறும் அதிகாலை ரயிலில் கிள்ளானுக்குச் சென்று திரும்புகிறேன். எங்கள் கடைக்கு எதிர் வரிசையில், பூக்கடை ஒன்றின் மாடியில் ராஜன் அவர்களின் சிறிய பதிப்பகம் இருக்கிறது. தமிழ்ப்பள்ளிகளுக்கான இயற்கை நூல்களை அவர் வரிசையாக வெளியிட்டு வருகிறார். ஒவ்வொரு நூலும் பதினாறு பக்கம். ஒவ்வொன்றிலும் ஒரு விலங்கு, அதன் வீடு, அதன் அம்மா, அப்பா, குட்டி. மூன்றாண்டுகளுக்கு முன் இருவாட்சிப் பறவையைப் பற்றி எழுதித் தரும்படி அவர் என்னைக் கேட்டுக்கொண்டார்.

இத்தகைய நூல்களில் எல்லா விலங்குகளும் மூவராகவே வாழும். பெண்யானைகளும் கன்றுகளும் மட்டுமே கொண்ட கூட்டத்தின் நடுவே தந்தம் வைத்த அப்பா யானை புன்னகையோடு நிற்கும். தன் குட்டியை ஒருநாளும் பார்த்திராத ஆண் கரடி அதற்குத் தேன் ஊட்டும். குயிலை மட்டும் ராஜன் சேர்த்துக்கொள்ளவில்லை. “வீடே கட்டாத பறவைய வச்சு நான் என்ன செய்றது டீச்சர்? பிள்ளைங்க மனசு கெட்டுப் போயிடும்” என்றார். என் நூலின் படங்களில் அம்மா இருவாட்சிக்கு நெற்றியில் பொட்டும் அப்பா இருவாட்சிக்கு இடுப்பில் கைலியும் வரையப்பட்டிருந்தன. பறவைக்குக் கைலி தேவையா என்று மிகவும் தயங்கிக் கேட்டேன். “அப்பதான் எது அப்பான்னு பிள்ளைங்களுக்குத் தெரியும்” என்றார். நானும் ஒப்புக்கொண்டேன்.

சென்ற ஆண்டு ஜூலை மாதத்தில் ஏழெட்டு வயதுள்ள இரண்டாம் ஆண்டு மாணவர்களுக்கு அந்த நூலை வைத்தே பாடம் நடத்தினேன். இருவாட்சிகளை அவர்கள் அறிவார்கள். கிள்ளானின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு அவை பப்பாளிப் பழம் தேடி வருவதுண்டு. தாய்ப்பறவை மரப்பொந்துக்குள் புகுந்து, சேற்றாலும் எச்சத்தாலும் வாயிலை அடைத்துக்கொள்ளும் என்றும், ஒரு சிறு இடைவெளி வழியாகத் தந்தைப்பறவை இரை ஊட்டும் என்றும் விளக்கினேன்.

“டீச்சர், அம்மா உள்ளுக்கே இருந்தா டாய்லெட் எப்படிப் போவாங்க?” என்று கேட்டான் கிஷன். வகுப்பைச் சிரிக்க வைப்பது அவனுடைய வேலை.

“அந்த இடைவெளி வழியாகத்தான் கிஷன். திரும்பி உட்கார்ந்து வெளியே தள்ளிவிடும்.”

“ஐயோ! சாப்பாடு வர்ற ஓட்டையிலயா?”

வகுப்பு குலுங்கியது. அந்தச் சிரிப்பு அடங்குமுன் முதல் வரிசையிலிருந்து லோஷினி சொன்னாள்: “எங்க வீடும் அப்படித்தான் டீச்சர். கிரில்லு பூட்டியிருக்கும். கம்பி வழியா சோறு குடுப்பாங்க.”

“அப்படியா மா, நல்லது” என்றேன். நான் அதைக் கவனித்துக் கேட்கவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவே.

நூலின் கடைசித் தாள் ஒரு பயிற்சித்தாள். ‘என் வீடு’ என்று தலைப்பு. மேலே படம் வரைய இடம். கீழே மூன்று கட்டங்கள். முதல் கட்டம், வீட்டைக் காக்கும் அம்மா. இரண்டாம் கட்டம், உணவு கொண்டுவரும் அப்பா. மூன்றாம் கட்டம், குஞ்சாகிய நான். கட்டங்களில் பெயர்களை எழுத வேண்டும்.

லோஷினி கையை உயர்த்தினாள். “டீச்சர், இன்னொரு கட்டம் இல்லையா?”

“இல்ல மா. மூணுதான். இருக்கிற கட்டத்துல எழுது.”

அவள் சிறிது யோசித்துவிட்டு எழுதத் தொடங்கினாள். சற்று நேரத்தில் கிஷன் எழுந்து நின்றான்.

“டீச்சர்! லோஷினி அப்பா பேரு காத்தூன்மாவாம்! அவ அப்பா பாஜு கூரோங் போட்டுட்டு வருவாரு லா!”

மலாய்ப் பெண்களின் உடையில் ஓர் அப்பாவை நினைத்து எல்லோரும் மேசைகளைத் தட்டிச் சிரித்தார்கள். லோஷினி தாளைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவளுடைய தகப்பனார் ஜோகூர் பக்கம் வேலைக்குச் சென்று மூன்றாண்டுகளாகத் திரும்பவில்லை என்பது பள்ளிப் பதிவேட்டிலிருந்து எனக்குத் தெரியும். அக்குழந்தையை மேலும் கூச வைக்கக் கூடாது என்று கருதி அவளருகே சென்றேன். அவளுடைய அழிப்பானை எடுத்து, இரண்டாம் கட்டத்தில் எழுதியிருந்ததை என் கையாலேயே அழித்தேன்.

“அந்த இடத்துல அப்பா பேர எழுதணும் மா. எழுத இஷ்டம் இல்லன்னா காலியா விட்டுடு.”

அவள் காலியாக விட்டுவிட்டாள்.

இருபத்து மூன்று தாள்களையும் மறுநாள் இடைவேளையின்போது திருத்தினேன். லோஷினியின் படத்தில் கம்பிக் கதவு ஒன்று தாளின் பாதியை அடைத்துக்கொண்டிருந்தது. கதவை விடப் பெரிதாகக் கறுப்புப் பூட்டு. கம்பிகளுக்குப் பின்னே பின்னல் போட்ட ஒரு சிறுமி. வெளியிலிருந்து ஒரு கை தட்டை நீட்டிக்கொண்டிருந்தது. முதல் கட்டத்தில் அமுதவள்ளி என்ற பெயர். இரண்டாம் கட்டம் வெறுமை.

முன்தினம் அவள் சொன்னது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளை அழைத்துக் கேட்டேன்.

“வீடு எப்பவும் பூட்டியே இருக்குமா மா?”

“ஆமா டீச்சர்.”

“அம்மா எத்தனை மணிக்கு வருவாங்க?”

“இருட்டினப்புறம். ஃபேக்டரி பஸ்ஸுல.”

“அதுவரைக்கும் வீட்டுக்குள்ள யாரு இருப்பா?”

“நான்தான். டிவி இருக்கு டீச்சர்.”

வீட்டுக்குள் யார் என்றுதான் கேட்டேன். வெளியே யார் என்று கேட்கவில்லை. தட்டை நீட்டும் கை யாருடையது என்றும் கேட்கவில்லை. அது வேலைக்குப் புறப்படும் தாயின் கை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

பூட்டிய கம்பிக் கதவுகளுக்குப் பின்னால் பிள்ளைகள் தீயில் சிக்கிய செய்திகளை நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். உடனே தலைமையாசிரியர் பழனியப்பன் அவர்களிடம் தாளைக் காட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் பார்த்தார்.

“முதல்ல அம்மாவக் கூப்பிட்டுப் பேசிடுவோமே டீச்சர்.”

மூன்று முறை அழைத்தோம். கைப்பேசி அணைந்திருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை நேரத்தில் கைப்பேசிகளைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டிவிடுவார்கள் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

“நாளைக்குப் பாத்துக்கலாமா?” என்று கேட்டார்.

“ஐயா, தங்கள் சொல்லை மறுப்பதாக எண்ணக் கூடாது. இன்னைக்கு ராத்திரி ஏதாச்சும் ஆயிடுச்சுன்னா?”

அவர் பெருமூச்சு விட்டார். “சரி, எழுதுங்க. ஆனா ஒண்ணு டீச்சர், எழுதிட்டா எழுதினதுதான். அப்புறம் அது நம்ம கையில இல்ல.”

அன்றே நலத்துறைக்கு அறிக்கையை மலாய்மொழியில் எழுதினேன். ‘வீட்டில் இம்மாணவியைக் கவனித்துக்கொள்ளப் பெரியவர் எவரும் இல்லை’ என்பது அதன் நான்காம் வாக்கியம். பிழையில்லாத நல்ல அறிக்கை என்று தலைமையாசிரியர் பாராட்டினார். பயிற்சித்தாளின் மூலத்தையும் இணைத்து அனுப்பினோம்.

மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு நலத்துறை அதிகாரிகள் ஒரு பெண் காவலருடன் அந்த வீட்டிற்குச் சென்றனர். லோஷினி பூட்டிய கிரில்லுக்குள் தனியாக இருந்தாள். பூட்டை அறுத்து அவளை அழைத்துச் சென்று காப்பகம் ஒன்றில் சேர்த்தனர்.

அதற்கடுத்த நாள் காலையில் காவலாளி பக்கிரிசாமி அண்ணன் ஆசிரியர் அறைக்கு வந்தார்.

“டீச்சர், கேட்டாண்ட ஒரு அம்மா. ஃபேக்டரி யூனிபார்மோட நிக்கிறாங்க. நானும் தண்ணி குடுத்துப் பாத்துட்டேன், குடிக்க மாட்டேங்கிறாங்க. உங்களத்தான் பாக்கணுமாம்.”

லோஷினியின் தாய் அமுதவள்ளிக்கு முப்பது வயது இருக்கலாம். என்னைக் கண்டதும் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். அவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது எனக்கு விளங்கவில்லை. திட்டப்போகிறார் என்று எண்ணி நின்றேன்.

“டீச்சர், நீங்கதான் எனக்கு ஒத்தாச பண்ணணும். எம்பிள்ளய கெபாஜிகன் ஆபீசருங்க கூட்டிட்டுப் போயிட்டாங்க. யாரோ ரிப்போர்ட் குடுத்திருக்காங்க. எங்க ப்ளாக்குல யாருக்கோ பொறாம டீச்சர். நீங்க ஒரு லெட்டர் குடுங்க. பிள்ள ஸ்கூலுக்குச் சுத்தமா வருது, ஹோம்வொர்க் செய்யுது, நல்லா சாப்பிடுதுன்னு எழுதுங்க. உங்கள மாதிரி படிச்சவங்க எழுதினாதான் நம்புவாங்க.”

அந்த யாரோ நான்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். “கண்டிப்பா எழுதித் தர்றேன் மா” என்ற சொற்களே வெளிவந்தன. இதை எழுதும் இவ்வேளையிலும் அந்த நிமிடத்தை எண்ணினால் எனக்குக் கூசுகிறது.

“பிள்ளையைத் தனியா பூட்டி வச்சதாகச் சொல்றாங்களே மா” என்று மெல்லக் கேட்டேன்.

“தனியாவா? பக்கத்து வீட்டு காத்தூன் அக்காதான டீச்சர் பாத்துக்கிறாங்க! சாவியே அவங்ககிட்டதான் இருக்கு. அதத்தான் ஆபீசருங்ககிட்டயும் சொன்னேன். நேத்தே அங்க கேட்டுட்டாங்களாம். அந்த அக்கா ‘எனக்குத் தெரியாது’ன்னு சொல்லிட்டாங்களாம். இப்ப நான் பொய் சொல்றேன்னு ஆயிடுச்சு. வர்ற வியாழக்கெழம கோர்ட்டுல நிக்கணும். பொய் சொல்றவகிட்ட பிள்ளயக் குடுப்பாங்களா டீச்சர்?”

பேசிக்கொண்டே இருந்தவர் திடீரென்று நிறுத்தி, “அது தேங்கா எண்ண வைக்காம தூங்காது, தல அரிக்கும்னு அழும். அங்க யாரு வச்சிவிடுவா?” என்று கேட்டார்.

அன்று பள்ளி முடிந்ததும் நான் ரயில் ஏறவில்லை. அவர்களுடைய அடுக்குமாடிக்குச் சென்றேன். நான்காம் மாடி. லோஷினியின் வீட்டுக் கிரில்லில் அறுபட்ட பூட்டின் வளையம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டின் மரக்கதவு ஒரு விரற்கடை திறந்தது.

“யாரு?”

“அஸ்ஸலாமு அலைக்கும். நான் லோஷினியோட ஆசிரியை.”

“வ அலைக்கும் ஸலாம். டீச்சரா? நம்ம பிள்ளையா நீங்க? வாங்க, வாங்க. செருப்ப உள்ளுக்கே போட்டுடுங்க, வெளிய வச்சா காணாமப் போயிடும்.”

காத்தூன் பீவி நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றைப் பொட்டலம் கட்டி விற்பவர். கூடம் முழுவதும் சம்பாலின் மிளகாய் நெடி. இரண்டு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. என்னை உட்கார வைத்துவிட்டுத் தாமும் ஒரு முக்காலியில் அமர்ந்து வாழையிலைகளைத் துடைக்கத் தொடங்கினார். நான் கேட்கும் முன்பே பேசினார்.

“ஒன்றரைக்கு வேன் வரும் டீச்சர். நான்தான் எறங்கிப் போய்க் கூட்டிட்டு வருவேன். தொறந்து உள்ள விட்டுட்டு, வெளிய பூட்டிடுவேன். அஞ்சாவது மாடிக்காரன் ஒருத்தன் பகல்லயே குடிச்சிட்டுப் படியில உக்காந்திருப்பான். பொம்பளப் பிள்ள, எப்படித் தொறந்து போடறது? சோறு கம்பி வழியா குடுப்பேன். கால்மணிக்கு ஒருதரம் எட்டிப் பாப்பேன். அது அங்கேருந்து ‘காத்தூன்மா, ஏழும் எட்டும் எவ்வளவு’ன்னு கத்தும். நான் இங்கேருந்து கத்துவேன். எனக்குத் தப்பாத்தான் வரும், அது சிரிக்கும்.”

“உங்க வீட்டுலயே வச்சுக்கிட்டிருக்கலாமே மா?”

“வச்சிருந்தேன். போன வருஷம் எண்ணெச் சட்டியில கைய சுட்டுக்கிச்சு. இந்த அடுப்புக்குள்ள ஓடுற பிள்ளய வச்சுக்கிட்டு என்ன செய்ய? அதுக்கப்புறம்தான் நானும் அமுதாவும் பேசி, அதுங்க வீட்டுலயே இருக்கட்டும்னு முடிவு பண்ணோம்.”

“நேத்து வந்தவங்ககிட்ட இத ஏன் சொல்லல?”

காத்தூன் பீவியின் கை நின்றது.

“போலிஸ் உடுப்பப் பாத்ததும் எனக்குக் கை கால் ஓடல. லைசென்ஸ் இல்லாம சமச்சு விக்கிறேன். லைசென்ஸ் இல்லாம பிள்ளயும் பாக்குறேன். அடுத்தவங்க பிள்ளய நானே பூட்டி வச்சிருக்கேன்னு வேற ஆயிடும். ‘தெரியாது’ன்னு சொல்லிக் கதவச் சாத்திட்டேன். அப்புறம் மெஷின் வச்சு அறுத்தாங்க டீச்சர். சுவருக்கு அந்தப் பக்கம் அந்தச் சத்தம். சாவி என் கையிலதான் இருக்கு. பிள்ள ‘காத்தூன்மா, காத்தூன்மா’ன்னு கூப்புடுது. நான் தொறக்கல.”

அந்தப் பெயரை எங்கே கண்டேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. என் விரலில் அழிப்பானின் துகள் ஒட்டியிருந்ததுகூட நினைவுக்கு வந்தது. லோஷினி கேட்ட கேள்விக்குப் பிழையின்றி விடை எழுதியிருந்தாள். உணவு கொண்டுவருபவர் யார் என்று கேட்கப்பட்டது. கொண்டுவந்தவரின் பெயரை எழுதினாள்.

இன்னொன்றையும் நான் மறைக்கக் கூடாது. என் நூலின் கையெழுத்துப்படியில் ஒரு வாக்கியம் இருந்தது. ‘சில வகை இருவாட்சிகளில், பொந்துக்குள் இருக்கும் தாய்க்கும் குஞ்சுக்கும் கூட்டத்தின் மற்றப் பறவைகளும் இரை கொண்டுவந்து கொடுக்கும்.’ நூலகத்தில் தேடிப் படித்து எழுதிய வாக்கியம் அது. “யாரு இந்த மத்தப் பறவைங்க? சித்தப்பாவா, பெரியம்மாவா? பிள்ளைங்க குழம்பும் டீச்சர்” என்றார் ராஜன். “சரிங்க சார், எடுத்துடுங்க” என்றேன். அவர் எடுத்த வேகத்தை விட நான் விட்டுக்கொடுத்த வேகம்தான் அதிகம்.

காத்தூன் பீவியிடம் என் பங்கைச் சொன்னேன். அறிக்கை எழுதியவள் நான் என்பதையும், அவருடைய பெயரை அழித்தவள் நான் என்பதையும். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அப்ப நம்ம ரெண்டு பேருமாத்தான் செஞ்சிருக்கோம்” என்றார். பிறகு அடுப்புகளை அணைத்தார். “எப்பப் போகணும்? நான் வர்றேன். பிடிச்சா பிடிக்கட்டும்.”

புதன்கிழமை காலை நாங்கள் மூவரும் நலத்துறை அலுவலகத்தில் அமர்ந்திருந்தோம். அமுதவள்ளி எனக்கும் காத்தூன் பீவிக்கும் நடுவில் இருந்தார். காத்தூன் பீவி உண்மையைச் சொல்ல வந்திருக்கிறார் என்ற நிம்மதியில், வரும் வழியெல்லாம் என் கையை விடாமல் பிடித்திருந்தார். “நீங்க இல்லன்னா இந்த அக்கா வந்திருக்காது டீச்சர்” என்று பேருந்தில் இரண்டு முறை சொன்னார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரியின் பெயர் மாதவி. அமைதியானவர். காத்தூன் பீவி அழுதுகொண்டே சொன்னதையெல்லாம் பொறுமையாக எழுதிக்கொண்டார். பின்னர் கோப்பைத் திறந்தார்.

“அன்னைக்கு ஒண்ணு சொன்னீங்க, இன்னைக்கு ஒண்ணு சொல்றீங்கம்மா. பிள்ளையோட அம்மா அழுததப் பாத்து மனசு எரங்கி மாத்திச் சொல்றீங்கன்னு கோர்ட்டுல கேட்டா, நான் என்ன காட்ட முடியும்? பள்ளிக்கூட ரிப்போர்ட்டும் பெரியவங்க யாரும் இல்லன்னுதான் சொல்லுது.” என் பக்கம் திரும்பினார். “டீச்சர், இது நீங்க எழுதினதுதானே? இது எப்படி உங்களுக்குத் தெரியும்?”

என் கையைப் பிடித்திருந்த கை அசையவில்லை.

“நான் எழுதினதுதான். பயிற்சித்தாளைப் பாத்து எழுதினேன். ஆனா அந்தத் தாள்ல பிள்ளை ஒரு பேர எழுதியிருந்தா. நான்தான் அழிச்சேன்” என்றேன்.

மாதவி தாளை உருவி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார். இரண்டாம் கட்டத்தில் பென்சில் அழுத்திய தடம் மங்கலாகத் தெரிந்தது. அவர் ஒவ்வோர் எழுத்தாக வாய்விட்டுப் படித்தார். காத்தூன் பீவி முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

அமுதவள்ளி என் கையை விட்டுவிட்டார். தாளை வாங்கித் தாமும் வெளிச்சத்தில் பார்த்தார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“எம்பிள்ள எழுதியிருக்கா” என்றார். “சரியாத்தான் எழுதியிருக்கா.”

“அமுதவள்ளி, நான்...”

“நீங்க பிள்ளகிட்டயே கேட்டிருக்கலாம் டீச்சர். அதுக்கு வாய் இருக்கு. நல்லாப் பேசும்.”

அதன் பிறகு அவர் என்னை நோக்கித் திரும்பவில்லை.

மாதவி தாளைப் பத்திரமாகக் கோப்பில் வைத்தார். “இத நான் கோர்ட்டுல காட்டுவேன். ஆனா உண்மையச் சொல்லிடறேன். முதல் நாளே இந்தப் பேரும் அந்தச் சாவியும் எங்க கைக்கு வந்திருந்தா, வேற ஏற்பாடு செய்யுங்கன்னு எச்சரிச்சிட்டுப் பிள்ளைய அங்கயே விட்டுட்டு வந்திருக்கலாம். இப்ப கேஸ் மேல போயிடுச்சு. பூட்டின வீட்டுக்குள்ள ஏழு வயசுப் பிள்ளை தனியா இருந்ததும் பொய் இல்ல. தீப் பிடிச்சிருந்தா, சாவி வச்சிருந்தவங்க கீழ சாமான் வாங்கப் போயிருந்தா?”

அவர் கேட்டது நியாயம்.

வியாழக்கிழமை விசாரணை நடந்தது. தாய் பொய் சொல்லவில்லை என்பது ஏற்றுக்கொள்ளப்பட்டது. அவருக்குத் தண்டனை ஏதும் இல்லை. ஆயினும் பன்னிரண்டு மணி நேர வேலைக்குச் செல்லும் தாயால் தகுந்த பாதுகாப்பு அளிக்க முடியும் என்பதற்கு அன்று எந்த ஏற்பாடும் காட்ட இயலவில்லை. காத்தூன் பீவியின் வீடு, அந்த அடுப்புகளோடு, பொருத்தமான இடமாகக் கருதப்படவில்லை. குழந்தைக்கு இரத்த உறவினர் யாரேனும் உண்டா என்று கேட்டார்கள். தகப்பனாரின் அக்கா மாரியாயி ஜெஞ்சாரோம் என்னும் ஊரில் இருந்தார். வீட்டோடு இருப்பவர், நல்ல பெண்மணி. ஓராண்டுக்கு அவருடைய பொறுப்பில் லோஷினியை ஒப்படைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தாய் சென்று பார்க்கலாம்.

நீதிமன்ற வாசலில் மாரியாயி அக்காவின் காரில் ஏறும்போது லோஷினி கதவைப் பிடித்துக்கொண்டு தாயிடம் ஏதோ கேட்டாள். அமுதவள்ளி குனிந்து பதில் சொன்னார். கார் போய்விட்டது. என்ன கேட்டாள் என்று காத்தூன் பீவி விசாரித்தார்.

“‘அங்கயும் எண்ண வைப்பாங்களா’ன்னு கேக்குறா. வைப்பாங்கன்னு சொன்னேன்.” கார் போன பக்கம் ஓரடி எடுத்து வைத்தார். “வைப்பாங்களான்னு நான் அந்த அண்ணிகிட்ட கேக்கவே இல்ல அக்கா.”

“நான் போன் போட்டுக் கேக்குறேன். நீ வா” என்று காத்தூன் பீவி அவர் தோளைப் பிடித்து அழைத்துச் சென்றார். இருவரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். என்னை அழைக்கவில்லை. நான் பின்தொடர்வது முறையாகாது என்று நின்றுவிட்டேன்.

விசாரணைக்கும் அலுவலகங்களுக்குமாக ஒன்பது நாள் விடுப்பு எடுத்ததால் கையுறைத் தொழிற்சாலையில் அமுதவள்ளியை நிறுத்திவிட்டார்கள். ரவாங்கில் வேறு தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்து அங்கேயே ஓர் அறை எடுத்துக்கொண்டார். அங்கிருந்து ஜெஞ்சாரோம் செல்ல ரயிலும் இரண்டு பேருந்துகளும் மாற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வேலை போட்டால் மறுக்க முடியாது. ஓராண்டு முடிய இன்னும் ஒன்பது வாரங்கள் உள்ளன. காலம் நீட்டிக்கப்படுமா என்பது அமுதவள்ளி அதற்குள் என்ன ஏற்பாடு செய்து காட்டுகிறார் என்பதைப் பொறுத்தது.

இந்த வாரம் வரை இழந்தவை பின்வருமாறு.

அமுதவள்ளி: ஆறாண்டு வேலை. கிள்ளானில் குடியிருந்த வீடு. அனுமதிக்கப்பட்ட நாற்பத்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் பதினேழு.

காத்தூன் பீவி: பக்கத்து வீட்டார். பிற்பகலில் சுவருக்கு அப்பாலிருந்து வரும் குரல்.

லோஷினி: தாயோடு உறங்கியிருக்கக்கூடிய முந்நூற்றோர் இரவுகள், காப்பகத்து இரவுகள் நீங்கலாக. தன் பள்ளி, வகுப்பில் உடன்படித்த இருபத்திரண்டு பேர். ஒரு பிறந்தநாள். முன்வரிசைப் பால்பற்கள் இரண்டு. இரண்டும் ஜெஞ்சாரோமில் விழுந்தன, தாய் பார்க்கவில்லை.

ஆசிரியை ஃபஹீமா: எதுவும் இல்லை.